கறுத்த கால் விரல்: எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது, எப்போது ஓட வேண்டும்

விரல் நுனி கறுத்திருக்கிறது, ஆனால் வலியே இல்லை. பல வீடுகளில் இதை நல்ல சேதியாக எடுத்துக்கொண்டு ஒரு வாரத்தைப் போக்கிவிடுகிறார்கள். சர்க்கரை நோய் பத்துப் பதினைந்து வருடமாக இருப்பவருக்குப் பாத நரம்புகள் மரத்துப் போயிருக்கும். முள் ஏறினாலே தெரியாத பாதத்தில் சதை செத்தாலும் தெரியாது. அதனால் வலியை அளவுகோலாக வைக்காதீர்கள். நிறம், சூடு, ஈரம், வாடை, இந்த நான்கையும் கண்ணாலும் கையாலும் மூக்காலும் பாருங்கள்.

சதை ஏன் சாகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் புரியும். தொடையிலிருந்து பாதத்துக்கு இறங்கும் ரத்தக்குழாயின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி குறுகுகிறது. சர்க்கரை நோயில் முழங்காலுக்குக் கீழே ஓடும் மெல்லிய குழாய்கள்தான் அதிகம் அடைபடும். அடைப்பு மெதுவாக வந்தால் உடம்பு பக்கத்துக் கிளைக்குழாய்கள் வழியாகச் சமாளிக்கும். தோல் முழுசாக இருக்கும்வரை அந்தக் கொஞ்ச ரத்தம் போதும். ஒரு செருப்புக்கடி, நகத்தை ஒட்ட வெட்டிய காயம், சித்திரை வெயிலில் கோயில் பிரகாரக் கல் சுட்ட கொப்புளம் என்று ஏதாவது வந்துவிட்டால் கதை வேறு. புண் ஆறுவதற்குச் சாதாரணத்தைவிடப் பல மடங்கு ரத்தம் வேண்டும். அது வராது. புண்ணைச் சுற்றியுள்ள சதை பட்டினியில் சாகத் தொடங்கும். இதைத்தான் கேங்ரீன், சதை அழுகல் என்கிறோம். கறுத்த விரலைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, என்ன மருந்து போடுவது என்பதல்ல. இந்தப் பாதத்துக்கு ரத்தம் வருகிறதா என்பதுதான்.

காய்ந்ததா, ஈரமா, திடீர்க் குளிரா

இந்த மூன்றுக்கும் கடிகாரம் வேறு வேறு.

காய்ந்த அழுகலில் விரல் வற்றல் போலச் சுருங்கி, கறுத்து, கெட்டியாக இருக்கும். வாடை இருக்காது, கசிவு இருக்காது. செத்த தோலும் உயிருள்ள தோலும் சந்திக்கும் இடத்தில் சில நாட்களில் ஒரு கோடு தெரியத் தொடங்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் மூன்றில் இதுதான் கொஞ்சம் அவகாசம் தரும் வகை. அவகாசம் என்றால் ஓரிரு நாள். அதற்குள் ரத்தநாள மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

ஈர அழுகல் வேறு. விரல் வீங்கி, தோல் பளபளத்து, நீலமும் பச்சையும் கலந்த கருப்பாக இருக்கும். நீர்க்கொப்புளம் எழும், போட்ட கட்டுத்துணியில் ஈரம் ஊறும், அறைக்குள் நுழையும்போதே வாடை வரும். கிருமி புகுந்துவிட்டது என்று அர்த்தம். இது வந்தால் அன்றே, ராத்திரியானாலும், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகளில் பலருக்குப் பாதம் முழுக்கச் சீழ் இருந்தும் காய்ச்சல் வருவதில்லை. அதற்குப் பதில் நேற்றுவரை 160, 180 என்று இருந்த சர்க்கரை, சாப்பாட்டில் மாற்றமே இல்லாமல் 300ஐத் தாண்டும். அதையே காய்ச்சலாக எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு எதுவரை இருக்கிறதோ அந்த விளிம்பில் பேனாவால் கோடு போட்டுப் பக்கத்தில் மணியை எழுதுங்கள். வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க அல்ல, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று மருத்துவருக்குக் காட்டத்தான். புண்ணைச் சுற்றி 2 சென்டிமீட்டருக்கு மேல் சிவந்திருந்தாலே அது மேலோட்டமான தொற்று இல்லை. தோலை மெல்ல அழுத்தும்போது அப்பளம் நொறுங்குவது போல நறநறவென்றால் சதைக்குள் வாயு சேர்ந்திருக்கிறது. அந்த நிலையில் மணிக்கணக்கு கூட நீளம்தான்.

மூன்றாவது, கருப்பே இல்லாமல் வருவது. நேற்றுவரை நடந்த கால் திடீரென்று வெளிறி, ஜில்லிட்டு, தாங்க முடியாத வலி எடுக்கும். கொஞ்ச நேரத்தில் வலி போய் மரக்கட்டை போலாகும், விரலை அசைக்க முடியாது. இதயத்திலிருந்து கிளம்பிய ரத்தக்கட்டி காலில் போய் அடைத்திருக்கலாம். படபடவென்று ஒழுங்கில்லாமல் துடிக்கும் இதயம் உள்ளவர்களுக்கு இது அதிகம். ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் அடைப்பை எடுத்தால்தான் காலைக் காப்பாற்றும் வாய்ப்பு நன்றாக இருக்கும். 108ஐக் கூப்பிட்டு, “கால் வலி” என்று சொல்லாமல் “கால் திடீரென்று ஜில்லிட்டு வெளிறிவிட்டது, ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம்” என்றே சொல்லுங்கள். காலைத் தேய்க்காதீர்கள், சூடு வைக்காதீர்கள், தலையணை போட்டு உயர்த்தாதீர்கள். பருத்தித் துணியால் தளர்வாக மூடி, படுக்கை மட்டத்திலேயே இருக்கட்டும். அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வழியில் டீ, பன் வாங்கிக் கொடுக்க வேண்டாம். சர்க்கரை இறங்கி வியர்த்து மயங்கினால் மட்டும் குளுக்கோஸ் கொடுங்கள்.

ரத்தம் வருகிறதா என்று பார்ப்பது

பாதத்தில் நாடி பார்க்க இரண்டு இடம் உண்டு. ஒன்று, பாதத்தின் மேல்புறம். கட்டை விரலை மேலே தூக்கச் சொன்னால் ஒரு நரம்பு போன்ற தசைநார் எழும்பும். அதற்குச் சற்று வெளிப்பக்கம், அதாவது சுண்டுவிரல் பக்கமாக, நடுப்பாதத்தில் மூன்று விரல்களை மெதுவாக வையுங்கள். இன்னொன்று, உள்கணு எலும்புக்கும் குதிநரம்புக்கும் இடையில் உள்ள பள்ளம். இரண்டிலும் கட்டை விரலால் பார்க்கக் கூடாது. உங்கள் நாடியே துடித்து ஏமாற்றிவிடும். அழுத்தியும் பார்க்காதீர்கள், பலவீனமான நாடி அழுத்தத்தில் மறைந்துபோகும். மேல்புற நாடி ஆரோக்கியமான சிலருக்கே பிறவியில் இருக்காது. கணுவுக்குப் பின்னால் உள்ளதும் கிடைக்கவில்லை என்றால் அது சந்தேகத்துக்குரிய கால்.

இன்னொரு சோதனைக்கு ஒரு கட்டில் போதும். மல்லாக்கப் படுக்கவைத்து இரண்டு காலையும் 45 டிகிரி அளவுக்கு ஒன்றிரண்டு நிமிடம் தூக்கிப் பிடியுங்கள். உள்ளங்காலைப் பாருங்கள், நம் தோல் நிறத்துக்கு வெளிறல் அங்கேதான் தெரியும். ரத்த ஓட்டம் குறைந்த பாதம் சுண்ணாம்பு போல வெளுக்கும். பிறகு எழுந்து உட்காரவைத்துக் காலைத் தொங்கவிடச் சொல்லுங்கள். நல்ல கால் சில நொடிகளில் பழைய நிறத்துக்கு வரும். அடைப்புள்ள கால் தாமதித்து, பிறகு செம்பு நிறத்தில் கருஞ்சிவப்பாகும். இந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு “ரத்தம் நல்லாத்தான் ஓடுது” என்று சொல்வது வழக்கமான ஏமாற்றம். சில நோயாளிகள் ராத்திரியில் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுத்தான் தூங்குவார்கள். காலுக்கு ரத்தம் இறங்க அவர்கள் அறியாமலே கண்டுபிடித்த வழி அது. அதைக் கெட்ட பழக்கம் என்று திட்டாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உணர்ச்சி இருக்கிறதா என்று அறிய, கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொரு பாதத்திலும் கட்டை விரல், நடு விரல், சுண்டுவிரல் நுனிகளைப் பூத்தொடுவது போல ஒன்றிரண்டு நொடி தொடுங்கள். தட்டவோ குத்தவோ கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் பாதம் மரத்துவிட்டது.

மருத்துவமனையில் ரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்கும் டாப்ளர் கருவி வைத்துக் கணுக்காலில் ரத்த அழுத்தம் பார்த்து, கையின் அழுத்தத்தால் வகுப்பார்கள். இதை ஏ.பி.ஐ. என்பார்கள். கையில் 130, கணுக்காலில் 78 என்றால் 0.6. இது 0.9க்குக் கீழே இருந்தால் அடைப்பு உண்டு, 0.4க்குக் கீழே என்றால் கால் ஆபத்தில் இருக்கிறது. 1.4க்கு மேல் வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். சர்க்கரை நோயில் குழாய்ச் சுவர் சுண்ணாம்பு ஏறி இறுகிவிடுவதால் பி.பி. பட்டை அதை நசுக்க முடியாமல் காட்டும் பொய்க்கணக்கு அது. அப்படி வந்தால் கால் விரலில் அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். விரல் அழுத்தம் 30க்குக் கீழே இருந்தால் புண் தானாக ஆறும் என்று நம்பிக் கட்டு மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. வீட்டில் இருக்கும் தானியங்கி பி.பி. மெஷினைக் கணுக்காலில் சுற்றிப் பார்க்க வேண்டாம். ஓட்டம் குறைந்த காலில் அது நம்பத்தக்க எண்ணைத் தராது.

காய்ந்த விரலுக்குக் கட்டுப் போடும் முறை

மருத்துவரைப் பார்க்கும்வரைக்கும், பிறகு அவர் வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொன்னாலும், நோக்கம் ஒன்றுதான். காய்ந்தது காய்ந்தே இருக்க வேண்டும். ஈரம் பட்டால் கிருமி வளரும். காய்ந்த அழுகல் ஈர அழுகலாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

முதலில் மெட்டியைக் கழற்றுங்கள். கொலுசு, கணுக்காலில் கட்டிய கறுப்புக் கயிறு எல்லாமும்தான். விரல் வீங்கினால் மெட்டி சுருக்குக் கயிறாகிவிடும், மிச்சமிருக்கும் ரத்தமும் நிற்கும். வராவிட்டால் எண்ணெய் போட்டு இழுத்துத் தோலை உரித்துவிடாதீர்கள். மருத்துவமனையில் மோதிரம் வெட்டும் கருவி இருக்கும், நகைப் பட்டறையிலும் வெட்டித் தருவார்கள். மெட்டியைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடிக்கும் அம்மாக்கள் உண்டு. மற்ற காலில் போட்டுக்கொள்ளட்டும் என்று சமாதானம் சொல்லாதீர்கள், அந்தக் காலும் அதே கால்தான்.

கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். பாதத்தின் மற்ற இடங்களை ஈரத்துணியால் துடைத்து, விரல் இடுக்குகளை ஒற்றி எடுத்து உலரவிடுங்கள். போவிடோன் அயோடின் திரவத்தை ஒரு காஸ் துண்டில் நனைத்துக் கறுத்த பகுதியிலும் அந்தக் கோட்டிலும் மட்டும் மெல்லத் தடவுங்கள். களிம்பு வேண்டாம், அது ஈரத்தை அடைத்து வைக்கும். அயோடின் ஒவ்வாமையோ தைராய்டு நோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தடவாதீர்கள். ஐந்து நிமிடம் காற்றில் காயட்டும். காய்ந்த காஸை மடித்துக் கறுத்த விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் வையுங்கள். இது விட்டுப்போனால் பக்கத்து விரலிலும் உரசிப் புண் வரும். மேலே காஸ் ரோலைத் தளர்வாக இரண்டு சுற்று. கட்டுக்கும் தோலுக்கும் இடையே உங்கள் சுண்டுவிரல் சுலபமாக நுழைய வேண்டும். பிளாஸ்திரியைக் காஸின் மேல் ஒட்டுங்கள், தோலின் மேல் வேண்டாம், விரலைச் சுற்றியும் வேண்டாம். பஞ்சு வைக்காதீர்கள், இழை ஒட்டிக்கொள்ளும்.

தினமும் ஒரு தடவை மாற்றினால் போதும். மாற்றும்போது ஒரே கோணத்தில், ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வையுங்கள். “கொஞ்சம் பரவாயில்லை போலிருக்கு” என்பதை நம்புவதைவிட ஐந்து படங்களை வரிசையாகப் பார்ப்பது மேல். கோடு நகராமல் இருக்கிறதா, முழங்காலை நோக்கி ஏறுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. பழைய கட்டை முகர்ந்தும் பாருங்கள். நேற்று இல்லாத வாடை இன்று இருந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே ஈர அழுகல் தொடங்கியிருக்கிறது.

படுத்த படுக்கையாக இருப்பவருக்குக் குதிகால் கறுத்து, ஓடு போலக் காய்ந்து இருந்தால் அந்த ஓட்டைப் பெயர்க்காதீர்கள். வீக்கமோ கசிவோ இல்லாதவரை அதுவே கட்டு. கெண்டைக்காலுக்கு அடியில் மெல்லிய தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் இருக்கும்படி செய்யுங்கள். பாதம் நெஞ்சு மட்டத்துக்கு மேலே போகக் கூடாது.

கைவைத்தியம் எங்கே கெடுக்கிறது

வெந்நீரில் உப்புப் போட்டு, வேப்பிலை போட்டு ஊறவைப்பதுதான் மிக அதிகமாக நடக்கும் சேதம். ஊறினால் காய்ந்த தோல் பிளந்து கிருமிக்கு வழி கிடைக்கும். மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது. சூடு பட்ட சதைக்கு ரத்தமும் பிராணவாயுவும் அதிகம் தேவைப்படும், அதைத் தரக் குழாயில் வழியில்லை. வெந்நீர்ப் பை, மணல் ஒத்தடம், எல்லாமே இதே கணக்கு. மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் அப்பினால் நிறம் மறைந்துவிடும். மருத்துவர் பார்க்க வேண்டிய கோடு அதற்கு அடியில் போய்விடும். இலை வைத்துக் கட்டினால் உள்ளே வேர்த்து ஈரமாகும். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைத்து வருவதைப் பார்த்து அழுக்கெல்லாம் போகிறது என்று நினைப்பார்கள். அது உயிரோடிருக்கும் செல்லையும் சேர்த்துக் கொல்கிறது. வீக்கத்துக்கு என்று கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றுவது அடைப்புள்ள காலில் நேரடியான கேடு. பிளேடால் கறுத்த தோலைச் சீவுவது, கால் ஆணிக்கு ஒட்டும் அமிலப் பட்டை, இரண்டும் கூடவே கூடாது.

வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையும் இதே பட்டியலில்தான். மருந்து ரத்தத்தில்தான் போக வேண்டும். ரத்தமே போகாத விரலுக்கு மாத்திரை எப்படிப் போகும்? அந்த அரைகுறை மருந்து, பிறகு மருத்துவமனையில் எடுக்கும் கிருமிப் பரிசோதனையையும் குழப்பிவிடும்.

விரலை எடுக்கச் சொன்னால்

“விரலை எடுத்துடலாம்” என்று சொன்னதும் குடும்பம் இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் வேண்டவே வேண்டாம் என்று ஓடும், இன்னொரு பக்கம் சீக்கிரம் எடுத்து முடிங்க என்று கையெழுத்துப் போடும். இரண்டுக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: “ரத்த ஓட்டம் பார்த்தாச்சா, டாக்டர்?” ஓட்டம் இல்லாத பாதத்தில் விரலை எடுத்தால், எடுத்த இடமும் ஒரு புண்தான். அதுவும் ஆறாது. விளிம்பு மறுபடி கறுக்கும், பிறகு அரைப்பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே என்று படிப்படியாக ஏறும். முதலில் பலூன் வைத்தோ, காலிலிருந்தே எடுத்த சிரையால் பைபாஸ் செய்தோ ஓட்டத்தைக் கூட்டிவிட்டுப் பிறகு செத்ததை மட்டும் எடுத்தால் இழப்பு குறையும்.

இந்த வரிசை மாறும் ஒரே இடம் சீழ். ஈர அழுகலில் முதலில் சீழைத் திறந்துவிட வேண்டும், அதுவும் அன்றே. ஆஞ்சியோவுக்காக, அதாவது ரத்தக்குழாயில் சாய மருந்து செலுத்தி எடுக்கும் படத்துக்காக, அதைத் தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து. சீழ் வடிந்து, உடம்பு நிலைக்கு வந்ததும் ஓரிரு நாளில் ஓட்டத்தைப் பார்ப்பார்கள்.

சி.டி. ஆஞ்சியோ எடுப்பதற்கு முன் சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் அளவைக் காட்டுங்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் சாய மருந்து அதை மேலும் கெடுக்கலாம். சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரையை நிறுத்த வேண்டுமா, எத்தனை நாளைக்கு என்றும் கேளுங்கள். காலையே எடுத்தாக வேண்டும் என்ற நிலை வந்தால், முழங்கால் மூட்டு மிஞ்சுமா என்பது அடுத்த கேள்வி. மூட்டு இருந்தால் செயற்கைக் காலில் நடப்பது எவ்வளவோ சுலபம். அதே சமயம் உயிரா காலா என்ற இடத்தில் தயங்கி நிற்கக் கூடாது.

தமிழ்நாட்டில் பெரிய அரசு மருத்துவமனைகள் சிலவற்றில், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இருப்பது போல, ரத்தநாள அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப்போங்கள். கூடவே மாத்திரைச் சீட்டு, பழைய இ.சி.ஜி., அந்தப் போட்டோக்கள்.

நாற்பது வயதுகூட ஆகாத, சர்க்கரை இல்லாத, பீடியோ சிகரெட்டோ புகைக்கும் ஆளுக்கு விரல் கறுத்தால் அது பெரும்பாலும் வேறு நோய், பெர்கர் நோய். சிறு ரத்தக்குழாய்கள் அழன்று அடைபடும். அதற்கு மருந்து, அறுவை எல்லாவற்றையும்விட முக்கியமானது புகையிலையை முழுக்க விடுவது. ஒன்றிரண்டாகக் குறைத்துக்கொள்கிறேன் என்பது இதில் செல்லாது. வாயில் போடும் புகையிலையும் சேர்த்துத்தான்.

இன்னொரு காலைக் காப்பது

ஒரு காலில் வந்தவருக்கு மறு காலின் குழாயும் பெரும்பாலும் அதே நிலையில்தான் இருக்கும். ஒரு பாதத்தில் கட்டு இருந்தால் எடை முழுக்க அடுத்த பாதத்தில் இறங்கும்.

வெறுங்காலில் வீட்டுக்குள்ளும் நடக்கக் கூடாது. எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு வாங்குங்கள். தொழுநோயால் மரத்த பாதங்களுக்கு உதவி வந்த அதே மெத்தென்ற ரப்பர்தான். பின்னால் பட்டை இருக்க வேண்டும், விரல் இடுக்கில் வார் இருக்கக் கூடாது, அடியில் ஆணி அடித்திருக்கக் கூடாது. பாதத்தைவிட உள்ளளவு 1 முதல் 2 சென்டிமீட்டர் நீளமாக இருக்கட்டும். சாயங்காலம் போய் வாங்குங்கள், பகலெல்லாம் நடந்து பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும். முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றி, சிவந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கோயிலில் செருப்பைக் கழற்றத்தான் வேண்டும் என்றால் கல் ஆறிய பிறகு, கெட்டியான காலுறையோடு போகலாம். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். மரத்த பாதத்தோடு வெறுங்காலில் அது வேண்டவே வேண்டாம். தீமிதியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

புண் எதுவும் இல்லாத, நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கும் கட்டத்தில் இருப்பவருக்கு நடைதான் மருந்து. வலி நடுத்தரமாக வரும்வரை நடந்து, நின்று, வலி போனதும் மறுபடி நடப்பது. வாரம் மூன்று நாளாவது, 30 முதல் 45 நிமிடம், குறைந்தது 12 வாரம். மருத்துவர் தரும் ஆஸ்பிரின் வகை மாத்திரையையும் கொழுப்பு மாத்திரையையும் “கொழுப்பு நார்மல் ஆயிடுச்சு” என்று நிறுத்தாதீர்கள். அவை குழாய்ச் சுவருக்காகத் தரப்படுபவை.

ராத்திரி படுக்கும் முன் பாதத்தைக் கழுவி, இடுக்கை ஒற்றி, கண்ணாடியில் உள்ளங்காலைப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். குனிய முடியாத, கண் மங்கிய பெரியவர்களுக்கு வெள்ளைக் காலுறை வாங்கிக் கொடுங்கள், கறுப்பு வேண்டாம். கழற்றும்போது உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். மிளகு அளவு மஞ்சள் கறை ஒன்று இருந்தாலும், அது எந்த விரலுக்கு நேராக இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அதைத் துவைக்கப் போட வேண்டும்.